தெமாக் பள்ளிவாசலின் நான்கு தூண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிவாசல் என்றதும் நம் கண்ணில் குவிமாடமும் மினாராவும்தான் வந்து நிற்கும். ஜாவாத் தீவின் வடகரையில், செமாராங் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது தெமாக். அந்த ஊரின் பெரிய பள்ளிவாசலில் குவிமாடம் கிடையாது. முற்றத்தில் இன்று தெரியும் இரும்பு மினாராவும் 1932-இல் எழுந்ததுதான். அதற்கு முன்பெல்லாம் தொழுகை நேரத்தை ஊருக்குச் சொன்னது பெடுக் என்ற பெருமுரசு. கூடவே கெந்தோங்கான் என்று, நடுவில் குடைந்த ஒரு மரக்கட்டை. பள்ளியைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சதுரக் கூரைகள். மேலே போகப்போகச் சிறுத்து, உச்சியில் முஸ்தகா என்ற கலசத்தில் முடியும்.

தெமாக் சுல்தானகத்தின் முதல் அரசர் ராடன் பாத்தா. ஜாவாவை அதற்கு முன் ஆண்ட, இந்து-பௌத்த மஜாபாஹித் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவரும், ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பியவர்களாகப் போற்றப்படும் வாலி சோங்கோ என்ற ஒன்பது இறைநேசர்களும் சேர்ந்து இந்தப் பள்ளியைக் கட்டினார்கள் என்பது மரபு. எந்த ஆண்டில் என்று கேட்டால் கட்டடமே ஒன்றுக்கு மேற்பட்ட விடை சொல்கிறது. தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபில் ஓர் ஆமை உருவம் இருக்கிறது. அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. தலை ஒன்று, கால் நான்கு, வட்டமான முதுகு பூஜ்யம், வால் ஒன்று. ஆக 1401. இது சக ஆண்டு; 78 கூட்டினால் கி.பி. 1479. ஆண்டை உருவத்திலும் சொல்லிலும் ஒளித்துவைக்கும் இந்த வழக்கத்துக்கு ஜாவாவில் செங்காலான் என்று பெயர். வாசல் கதவில் இன்னொரு செங்காலான் உண்டு. லாவாங் பிளெடெக், அதாவது இடிக்கதவு. இடியையே பிடித்துக் கட்டியவர் என்று ஊர் சொல்லும் கி அகெங் செலோ செதுக்கியதாம். அதில் வருவது 1388, அதாவது கி.பி. 1466. 13 ஆண்டு இடைவெளியை எப்படிச் சரிக்கட்டுவது? சிறிதாகத் தொடங்கிப் பிறகு விரித்திருப்பார்கள் என்பது வழக்கமான சமாதானம். அது பொருந்தக்கூடியதுதான். மரக்கட்டடத்துக்கு ஒரே ஒரு பிறந்தநாள் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இனி உள்ளே போவோம். பிரதான மண்டபம் பக்கத்துக்கு ஏறத்தாழ 31 மீட்டர் உள்ள சதுரம். நடுவே நான்கு பெருந்தூண்கள். சாகா குரு என்பார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 மீட்டர் உயரம். மேல்கூரையைத் தாங்குவது இந்த நான்குதான். அவற்றைச் சுற்றி, உயரம் குறைந்த பன்னிரண்டு தூண்கள் நடுக்கூரையைச் சுமக்கின்றன. கடைசிக் கூரை ஓரத்துச் சுவருக்கு இறங்குகிறது. கூரைகளுக்கு இடையில் விட்ட இடைவெளி வழியாக வெப்பக்காற்று மேலேறி வெளியே போகும். வெளிச்சமும் அங்கிருந்தே வரும். மழை மட்டும் உள்ளே வராது, ஏனென்றால் மேல்கூரையின் இறவாணம் கீழ்க்கூரையின் தலைக்கு அப்பால் நீண்டிருக்கும். மூன்று அடுக்கும் ஈமான் (நம்பிக்கை), இஸ்லாம் (இறைவனுக்குப் பணிதல்), இஹ்ஸான் (வழிபாட்டில் நிறைவு) என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் அழகானது. ஆனால் அடுக்குக் கூரை இஸ்லாம் வருவதற்கு முன்பே ஜாவாவில் இருந்தது. மஜாபாஹித் காலத்துக் கற்சிற்பங்களிலேயே அதைப் பார்க்கலாம்.

தச்சுவேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஜாவாத் தச்சில் தூணைக் குழி தோண்டி நடுவதில்லை. உம்பாக் என்ற அடிக்கல்லின்மேல் நிறுத்துவார்கள். தூணின் தலைக்குச் சற்றுக் கீழே துளை போட்டு, ஒரு திசையில் சுந்துக் என்ற குறுக்குக்கட்டையைச் செலுத்துவார்கள். அதற்குச் செங்குத்தான திசையில் கிலி என்ற இன்னொரு கட்டை போய் அதைப் பூட்டும். இதன்மேல்தான் உத்திரங்கள் சதுரமாக உட்காரும், அவற்றின்மேல் கைமரங்கள். கட்டையின் முனையை நாக்குப்போலச் செதுக்கித் துளையில் இறக்கி மரமுளை அடிப்பார்கள்; இரும்பாணிக்கு இதில் வேலையில்லை. நிலம் அதிரும்போது பொருத்துகள் ஒன்றோடொன்று உரசிக் கொஞ்சம் அசையும். அசைவில்தான் அதிர்ச்சியின் வேகம் செலவாகிறது.

நான்கு தூண்களையும் நான்கு இறைநேசர்களின் பெயரால் சொல்வார்கள். வடமேற்குத் தூண் சுனன் போனாங், தென்மேற்கு சுனன் குனுங் ஜாத்தி, தென்கிழக்கு சுனன் அம்பேல். வடகிழக்குத் தூண் சுனன் காலிஜாகாவுடையது. புகழெல்லாம் இந்தக் கடைசித் தூணுக்கு. இதற்குச் சாகா தத்தால் என்று பெயர். தத்தால் என்றால் தச்சர் செதுக்கும்போது விழும் சிராய். மற்ற மூவரும் தூணைக் கொண்டுவந்துவிட்டார்கள், நேரமோ இல்லை, காலிஜாகா கீழே கிடந்த சிராய்களைச் சேர்த்து ஒரே இரவில் தூண் ஆக்கினார் என்பது கதை. வெறும் சிராயை ஒட்டி இந்த உயரத்துக்குத் தூண் எழுப்ப முடியாது என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். நீளமான துண்டுகளை நெடுக்குவாட்டில் அடுக்கி, இணைப்புகள் ஒரே மட்டத்தில் வந்துவிடாமல் மாற்றி மாற்றி வைத்து இறுக்கினால், அது நிற்கும். இவ்வளவு நீளத் தேக்கு நேராகவும் கோளாறில்லாமலும் கிடைப்பது என்றுமே அரிது. மூன்று கிடைத்து நான்காவது கிடைக்காத ஒரு வேலைக்களத்தின் நினைவு இந்தக் கதைக்குள் இருக்கலாம் என்றே தோன்றுகிறது.

இப்படிப்பட்ட கட்டடம் எங்கே கெடும்? முதலில் தூணின் அடியில். மரத்தின் வெட்டுமுனை, உறிஞ்சுகுழல்களின் கட்டுபோல ஈரத்தை மேலே இழுக்கும். அடிக்கல் வெளியே தெரியும்வரை பிரச்சினை இல்லை. தரையை உயர்த்திப் புதுத்தளம் போடும்போது கல் புதைந்து, மரம் நேராகத் தளத்தைத் தொட்டுவிடும். பிறகு உளுத்துப்போவது வெளியே தெரியவே தெரியாது. மேற்பூச்சு நன்றாகத்தான் இருக்கும். தட்டிப்பார்த்தால் சத்தம் மாறும். தெமாக்கோ தாழ்ந்த கடற்கரைச் சமவெளி, நீர்மட்டம் அருகிலேயே இருக்கிறது.

அடுத்த இடம், மண்டபக் கூரையும் முன்தாழ்வாரக் கூரையும் சந்திக்கும் பள்ளம். இரண்டு கூரையின் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் விழும். இலை அடைத்தால் நீர் பின்வாங்கி உத்திரத்தின் முனையில் இறங்கும், அதுவும் பொருத்து இருக்கும் இடத்தில். சிராப் என்ற மரப்பலகை ஓடுகளுக்கும் ஒரு குணம் உண்டு. செங்குத்தான சரிவில் பல மழைக்காலம் தாங்கும். சரிவு படுத்திருந்தால் ஈரம் காயாமல் பாசிபிடித்து மக்கும். ஆகவே இந்தக் கூரையைத் தாழ்த்திக் கட்டுவது சிக்கனம் ஆகாது.

1980-களில் பெரிய புதுப்பிப்பு நடந்தபோது நான்கு பெருந்தூண்களின் நைந்த பகுதிகளை எடுத்துவிட்டுப் புதுமரம் சேர்த்தார்கள். எடுத்த பகுதிகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. வளாகத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மூல இடிக்கதவும் அங்கேதான்; பள்ளியில் இருப்பது அதன் படி.

தாழ்வாரத்துக்கு செராம்பி என்று பெயர். அதைத் தாங்கும் செதுக்குத் தூண்கள் எட்டும் மஜாபாஹித் அரண்மனையிலிருந்து வந்தவை என்பது வழக்கு. பெண்கள் தொழும் பவெஸ்த்ரேன் 1866-இல் சேர்ந்தது. சுவரில் பதித்த நீல வெள்ளைப் பீங்கான்களைக் கவனிக்காமல் வரக்கூடாது. 15-ஆம் நூற்றாண்டு வியட்நாம் ஓடுகள் அவை. வியட்நாமில் இந்த வடிவத்தில் ஓடு பதிக்கும் வழக்கம் இல்லை. ஜாவாவிலிருந்து வடிவம் கொடுத்துச் செய்யச்சொன்னதாகத்தான் இருக்கவேண்டும். இதே வகை ஓடுகள் மஜாபாஹித் தலைநகர் இருந்த துரோவுலானிலும் கிடைத்திருக்கின்றன.

இந்தக் கூரை எங்கிருந்து வந்தது என்று டச்சு ஆய்வாளர்கள் நீண்ட காலம் வாதாடினார்கள். மலபாரிலிருந்து என்றார் ஒருவர். சேவல் சண்டைக் கொட்டகையிலிருந்து என்றார் மற்றொருவர். மலபார்ப் பள்ளிகளின் அடுக்குக் கூரையைப் பார்த்தால் முதல் கருத்து சட்டென்று பிடிக்கும். ஆனால் அங்கே சுமை பெரிதும் சுவர்களில் இறங்குகிறது. நடுவில் நான்கு தூண், சுற்றிலும் திறந்த சதுரம் என்ற ஜாவா அமைப்பு வேறு குடும்பம்.

எங்கிருந்து வந்தது என்பதைவிட, எங்கே போனது என்பது நம்மைத் தொடுகிற செய்தி. மலாக்காவில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் மரத்தால் எழுப்பி, 1872-இல் செங்கல்லில் திருப்பிக் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்கும் குவிமாடம் கிடையாது. அதன் தலையிலும் இதே அடுக்குக் கூரைதான்.