வெப்பத்தைக் கடத்தும் சுழல்களே வேலியும் போடுகின்றன

வணக்கம் மக்களே. நேராக விஷயத்துக்கு வருகிறேன். டோகமாக் என்கிற வளைய வடிவ அணு இணைவுக் கருவியில், பெரிய கருவிகளில் நடுப்பகுதி பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, 10 கோடி டிகிரியைத் தாண்டிவிடும். சுவர் ஓரிரு மீட்டர் தள்ளித்தான். இடையில் காவலுக்கு நிற்பது காந்தப்புலம். அதையும் மீறி வெப்பம் கசிகிறது. கசியவிடுவது பிளாஸ்மாவில் கிளம்பும் குட்டிக் குட்டிச் சுழல்கள்.

இப்போது திரையில் இருக்கும் இந்த இரண்டு வரைபடங்களைப் பாருங்கள். 1998-இல் சிஹோங் லின் குழு வெளியிட்ட கணினி உருவகிப்பைப் பார்த்து நானே வரைந்தது, சுமாராகத்தான் இருக்கும். இடது பக்கம் சுழல்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீள நீளமாகக் கிடக்கின்றன. வலது பக்கம் எல்லாம் துண்டு துண்டு. வெப்பக் கசிவும் அங்கே குறைவு. வித்தியாசம் ஒன்றுதான்: வலது பக்கத்தில் ஸோனல் ஓட்டத்தை, அதாவது பிளாஸ்மா அடுக்கு அடுக்காக வெவ்வேறு வேகத்தில் ஓடுவதை, இயங்க விட்டார்கள், இடது பக்கத்தில் அடக்கிவிட்டார்கள்.

சரி, அந்த ஓட்டத்தை யார் உண்டாக்கியது? அந்தச் சுழல்களேதான்!

எப்படி என்று பார்ப்போம். அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளின் வேகத்தில் இம்மியளவு வித்தியாசம் வந்தால் போதும், சுழல் ஒரு பக்கமாகச் சாயும். நிமிர்ந்த சுழலில் வெளியே போகிற உந்தமும் உள்ளே வருகிற உந்தமும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். சாய்ந்த சுழலில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்துக்குப் பெயர் ரெனால்ட்ஸ் தகைவு. ஏற்கெனவே வேகமாக ஓடுகிற அடுக்கை அது இன்னும் தள்ளிவிடும். வித்தியாசம் கூடும், சுழல் இன்னும் சாயும், கடைசியில் பிய்ந்தே போகும். சாதாரணப் பாகுநிலை வேகமான அடுக்கை இழுத்துப் பிடிக்கும். இங்கே நடப்பது தலைகீழ். கள்ளக்கணக்கு மாதிரி தெரியும், ஆனால் சுழல் இழக்கிற ஆற்றல்தான் ஓட்டத்துக்குப் போகிறது, அதனால் கணக்கு சரியாகவே இருக்கிறது.

இந்த ஓட்டம் வளையத்துக்குள்ளேயே சுற்றும், சுவர்ப் பக்கம் போகாது. அதனால் வெப்பத்தையும் கடத்தாது. வெப்பநிலைச் சரிவிலிருந்து, அதாவது நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெப்பநிலை குறைவதிலிருந்து, நேரடியாக ஆற்றலை எடுக்கவும் அதற்கு வழியில்லை, சுழல்தான் சாப்பாடு. புலியும் மானும் போலத்தான்: மான் குறைந்தால் புலி பட்டினி, துகள்களின் மோதலில் ஓட்டம் தேயும், அப்புறம் மான் மறுபடி பெருகும்.

இன்னொன்று. 1977-இல் ஹசேகாவா, மீமா என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இந்தச் சுழல் கொந்தளிப்புக்கு எழுதிய சமன்பாடு, வளிமண்டலக்காரர்கள் பெரிய காற்றோட்டங்களுக்கு வைத்திருந்த சார்னி சமன்பாட்டின் வடிவம்தான். வியாழனின் பட்டைகளும் இதே குடும்பம்.

எல்லாம் கணினிக்குள் மட்டும்தானா என்று கேட்பீர்கள். இல்லை. ஜப்பானில் சிஎச்எஸ் என்ற ஹெலிகல் கருவியில் (இதுவும் வளையம்தான், காந்தச் சுருள்களை முறுக்கிச் சுற்றியிருப்பார்கள்) ஃபுஜிசாவா குழு இதை நேரடியாக அளந்து, 2004-இல் வெளியிட்டது. வளையத்தில் 90 டிகிரி இடைவெளியில் இரண்டு இடங்களில் கனமான அயனிக் கற்றையைச் செலுத்தி, உள்ளே மின்னழுத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். குட்டிச் சுழலாக இருந்தால் இத்தனை தூரத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் மெதுவான அதிர்வெண்களில் இரண்டு இடமும் ஒன்றாகவே ஏறி இறங்கின. வளையம் முழுக்க ஒரே ஓட்டம்!

அடுத்த வீடியோவில் டிமிட்ஸ் நகர்வு. கொந்தளிப்பு கிளம்ப வேண்டிய வெப்பநிலைச் சரிவைத் தாண்டியும், கொஞ்ச தூரம் வரை கசிவை இந்த ஓட்டம் கிட்டத்தட்ட நிறுத்தியே வைக்கிறது. அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், நோட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.