ஆப்பிரிக்காவும் இல்லை, பாசியும் இல்லை

(ஒரு கல்லூரித் தாவரவியல் மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பாட்டிலை முன்வரிசையிலிருந்து கைமாற்றி அப்படியே பின்னால் அனுப்புங்கள். மூடியை மட்டும் திறக்க வேண்டாம்.

உள்ளே மிதப்பது என்ன? 'ஆகாயத்தாமரை' என்று ஒரு குரல் வருகிறது. நம் ஊர்க் குளத்தில் எது மிதந்தாலும் அதுதான் பெயர்! சித்த வைத்தியர் ஆகாயத்தாமரை என்பது ஒரு செடி. காம்பு உப்பி, ஊதாப் பூ பூக்கும் வெங்காயத்தாமரை இன்னொன்று. இது இரண்டுமே இல்லை. கேரளத்தில் கேட்டால் 'ஆப்பிரிக்கன் பாயல்' என்பார்கள். பாயல் என்றால் பாசி. ஆனால் இது பாசியில்லை, பெரணி வகை. சொந்த ஊர் ஆப்பிரிக்காவும் இல்லை, பிரேசில். பெயர் தப்பினால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். இந்தச் செடி விஷயத்தில் கிட்டத்தட்ட முழுகத்தான் செய்தது.

இதன் அறிவியல் பெயர் சால்வினியா மொலஸ்டா. மொலஸ்டா என்ற லத்தீன் சொல்லுக்குத் தொல்லை தருவது என்று பொருள். பாட்டில் கைக்கு வந்ததும் இலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள், சொரசொரவென்று ரோமம் தெரியும். லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு ரோமமும் ஒரு குட்டி மத்து: நுனியில் நான்கு கிளை, நான்கும் வளைந்து உச்சியில் ஒன்று சேர்ந்திருக்கும். இந்த மத்துகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்வதால் தண்ணீரில் அமுக்கினாலும் நனையாமல் மேலே வந்துவிடும். கீழே வேர் போலத் தொங்குகிறதே, அதுவும் இலைதான். பெரணி என்பதால் இதற்கு விதை கிடையாது, ஸ்போர் என்கிற வித்துத்தூளும் முளைக்காது. ஒடிந்த ஒரு கணு போதும். சத்துள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் சில நாட்களிலேயே இரட்டிப்பாகிவிடும்.

பாய் விரித்தபடி மூடிக்கொண்டால் வெளிச்சம் கீழே இறங்காது, அடியில் வளரும் தாவரங்கள் சாகும். காற்றிலிருந்து ஆக்சிஜன் தண்ணீருக்குள் சேராது. செத்த இலைகள் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் குடித்துவிடும். மீன் என்ன செய்யும்? இதற்கிடையில் மான்சோனியா என்று ஒரு கொசு. பெரும்பாலான கொசுப் புழுக்கள் மூச்சுவிட மேலே வரும். இதன் புழுவோ மிதக்கும் செடிகளின் வேரில் ஊசி போலக் குத்தி, அங்கிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும். கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் யானைக்கால் நோய் பரவியதில் இந்தக் கொசுவுக்கும், அது விரும்பும் அசல் ஆகாயத்தாமரைக்கும் பங்கு உண்டு.

சரி, பெயருக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆற்றில் கரீபா அணை எழுந்து சில வருடங்களில், 1962 வாக்கில், சுமார் 1000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை சால்வினியா மூடிவிட்டது. அப்போது இதைச் சால்வினியா ஆரிகுலேட்டா என்ற வேறொரு செடியாக நினைத்திருந்தார்கள். அந்தச் செடியைத் தின்னும் வண்டை டிரினிடாடில் தேடிப் பிடித்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள், ஃபிஜியிலும் விட்டார்கள். வண்டு தொல்லைச் செடியை அடக்கவில்லை. தன் வீட்டுச் சாப்பாடு வேறு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

1972-ல் தாவரவியலாளர் டேவிட் மிட்செல் இந்தத் தொல்லைச் செடி தனி இனம் என்று எழுதினார். அதன்பிறகுதான் இதன் சொந்த இடத்தைத் தேடினார்கள். 1978-ல் தென்கிழக்கு பிரேசிலில் கிடைத்தது. அங்கே இந்தச் செடியைத் தின்றுகொண்டு இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு கருவண்டு இருந்தது. அதையும் பழைய வண்டு என்றே நினைத்தார்கள்! 1980-ல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். அடுத்த வருடமே செடி பழுத்து, பழுப்பாகி, மூழ்கிப்போனது. அந்த வண்டும் தனி இனம் என்று பெயர் கிடைத்தது 1985-ல்.

இதைவிட எனக்குப் பிடித்தது பாப்புவா நியூ கினியில் நடந்தது. செபிக் ஆற்றுப் பகுதியில் சுமார் 250 சதுர கிலோமீட்டரை சால்வினியா மூடியிருந்தது. அங்கே போக்குவரத்து எல்லாம் தோணிதான். தோணி நகராததால் சில ஊர்களையே ஜனங்கள் காலி செய்தார்கள். வண்டை விட்டார்கள், பெருகவில்லை. செடியில் நைட்ரஜன் குறைவு, வண்டுக்கு அது சவலைச் சோறு. என்ன செய்தார்கள் தெரியுமா? களைக்கு யூரியா போட்டார்கள்! செடி கொழுத்தது, வண்டு பெருகியது, சில வருடங்களில் ஆறு திறந்தது. அந்த மூட்டைக்கு எந்தக் கணக்கில் பில் எழுதினார்களோ.

1980களில் அதே வண்டு கேரளத்துக்கும் இலங்கைக்கும் வந்தது. இலங்கைக்கு இந்தச் செடி வந்த வழியைக் கேட்டால் நமக்குச் சங்கடம்: 1939-ல், தாவரவியல் பாடத்துக்காக! வண்டு இரண்டு இடத்திலும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கேரளத்தின் குட்டநாட்டு வாய்க்கால்களில் இன்று படகை மறிப்பது வெங்காயத்தாமரை. அதற்கும் தென் அமெரிக்காவைச் சேர்ந்த தனி வண்டுகளை வரவழைத்து 1980களிலேயே நம் நாட்டில் விட்டாயிற்று. சாக்கடையும் வயல் உரமும் கலந்த தண்ணீரில் அந்தச் செடி வளரும் வேகத்துக்கு வண்டின் வாய் ஈடுகொடுக்கவில்லை.

கேள்வி இருந்தால் கேளுங்கள். வீட்டு மீன்தொட்டிக்கு ஒரு கணு வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். பாட்டில் என்னிடம் திரும்பி வரட்டும், வெயிலில் கொட்டிக் காயவைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவேன்.