வீட்டுக்கு ஆள் வைத்த பிறகு

எல்லாருக்கும் வணக்கம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களையும் தள்ளாத வயதில் இருப்பவர்களையும் வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, டயப்பர் மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்களே, அந்த வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 'ஆள் எப்படி?' என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: 'தங்கமான ஆள், முகம் சுளிக்காமல் செய்யறாங்க.' சந்தோஷம். ஆனால் அம்மாவின் குதிகாலை யாராவது பார்த்தீர்களா?

படுக்கைப்புண் பெரும்பாலும் எலும்பு தோலை ஒட்டி இருக்கும் இடத்தில்தான் வரும். குதிகால், முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, பின்மண்டை. ஒரே நிலையில் கிடந்தால் அங்கே ரத்தம் ஓடாது, சில மணி நேரத்திலேயே உள்ளே சதை சேதமாக ஆரம்பித்துவிடும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் தப்பிக்கலாம், அழுத்தியும் சிவப்பு அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவது பாசமாகத் தெரியும், சேதம்தான் கூடும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கமான கணக்கு, ஆளைப் பொறுத்து கொஞ்சம் மாறும். புரட்டும்போது தோல் விரிப்பில் உரசும்படி இழுக்கக் கூடாது.

இப்போது ஒரு கேள்வி. ராத்திரி அதை யார் செய்வது?

'24 மணி நேர ஆள்' என்று சொல்லி ஒருவரைத்தான் வைக்கிறோம். பகல் முழுக்க வேலை, ராத்திரியும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும், இப்படியே மாதக்கணக்கில் என்றால் எந்த உடம்பு தாங்கும்? தூக்கம் கெட்டவர்தான் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார், வாக்கரைக் கைக்கு எட்டாத இடத்தில் விட்டுவிடுவார், தனியாகத் தூக்கப்போய்த் தானும் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுப் பணியாளர்களுக்காக நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை, வாரத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. அதை நாம் தொழிலாளர் உரிமை என்று மட்டும் நினைக்கிறோம், என்னைக் கேட்டால் அது நோயாளியின் பாதுகாப்பும்தான். ராத்திரிக்குத் தனி ஆள் வைக்க வசதி இல்லையா, சரி, குடும்பத்தில் யாராவது ஒரு பாதி இரவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

குளியலுக்கு வருவோம். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் 5 விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும், வயதானவர்களின் மெலிந்த தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவருக்குச் சுடுவதே தெரியாது, அதனால் 'சூடு சரியா?' என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், பிறகு ஊற்றுகிறவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். துணியை மொத்தமாக உருவி உட்கார வைக்காமல், கழுவும் பாகத்தை மட்டும் திறந்து மற்றதைத் துண்டால் மூடினால் குளிரும் இல்லை, கூச்சமும் இல்லை. பேச்சு போய்விட்டவருக்கும் கூச்சம் போய்விடாது.

சாப்பாடு எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்துதான், முடிந்த பிறகும் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. படுத்தபடி ஊட்டினால் வயிற்றுக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். ஊட்டும்போது இருமினாலோ, குரல் களகளவென்று மாறினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மருந்து, தண்ணீர், மலம், எந்தப் பக்கம் படுக்க வைத்தார்கள், எல்லாமே நேரத்தோடு நோட்டில். நோட்டு எழுதுவது ஆளைச் சந்தேகப்படுவது இல்லை. நாளைக்கு ஒரு பழி வந்தால் அவரைக் காப்பாற்றப் போவதும் அதே நோட்டுதான்.

பழி என்றதும் ஞாபகம் வருகிறது. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 6 பேருக்கு ஒருவர், ஒரே ஆண்டுக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைச் செய்வது எப்போதும் வெளியாள் இல்லை, குடும்பத்துக்குள்ளும் இருக்கிறார்கள். மறுபக்கமும் உண்டு. குளிப்பாட்ட வந்த பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள், அதை அவர் யாரிடம் சொல்வார் என்று ஆள் வைக்கும்போது எந்த வீடும் யோசிப்பதில்லை.

கேமரா வைக்கலாமா என்று மேடை ஏறும்போதே ஒருவர் கேட்டார். ஹாலில் என்றால் படுத்திருப்பவர், பார்த்துக்கொள்கிறவர் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள். துணி மாற்றுகிற அறையில் வேண்டாம், வேறு யாரைவிடவும் படுத்திருப்பவரின் உடம்புதான் அதில் பதிவாகும். அதற்குச் செலவழிக்கிற பணத்தை மாற்று ஆளுக்குச் செலவழிக்கலாம். வழக்கமான ஆள் லீவு போடுகிற அன்றைக்குத்தான் புதிதாக ஒருவர் வந்து, எந்தப் பக்கம் வலி, எந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது என்று ஒன்றும் தெரியாமல் முழிப்பார். முந்தின நாளே அவரை வரச் சொல்லி ஒரு வேளை பழைய ஆளோடு கூட இருந்து பார்க்கச் சொல்லுங்கள், அந்த ஒரு வேளைக்கும் சம்பளம் கொடுத்துவிடுங்கள்.