உள்ளே போனவர் எண்ண வேண்டிய நாட்கள்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் நான்கைந்து தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மகனோ கணவரோ சிறைக்கு உள்ளே இருக்கிறார் என்று வந்ததுமே சொன்னீர்கள். நாளைக்கு மனு பார்க்க, அதாவது சிறையில் ஆளைச் சந்திக்கப் போவதற்கு மாற்றுத் துணியைப் பையில் எடுத்துவைத்துக்கொண்டே வந்திருக்கிறார் ஒரு அம்மா. உங்களை வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

நானும் 38 நாள் உள்ளே இருந்தவன். வரப்புத் தகராறில் ஒரு அடிதடி வழக்கு. பிறகு விடுதலையாகிவிட்டேன். இப்போது சட்டத் தன்னார்வலராகச் சிறைகளுக்குப் போய்வருகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் பெயர், அப்பா பெயர், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதினார்கள். அரைஞாண் கயிறு காவல் நிலையத்திலேயே போய்விட்டது. குழந்தையில் அம்மா கட்டிவிட்ட பழக்கம். அன்று ராத்திரி முழுக்க என் கை இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டு, ஒரு குவளை, ஒரு போர்வை கொடுத்தார்கள். வெளிச்சம் மங்குவதற்குள் பூட்டிவிட்டார்கள். விளக்கை மட்டும் விடியும்வரை அணைக்கவில்லை. புதிதாக வந்தவன் என்பதால் கக்கூஸ் பக்கத்தில் இடம். அந்த வெளிச்சத்தில் கண்ணை மூடிப் படுத்தால், இனி வெளியே போகவே மாட்டோம் என்றுதான் மனசு சொல்லும். உயிரை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இன்னைக்கு ராத்திரி எதையும் முடிவு பண்ணாதே. காலையில கணக்கு எடுப்பாங்க, அப்புறம் சாப்பாடு வரும். அதுவரைக்கும் பாரு" என்றார். காலையில் எங்களை வரிசையாகக் குந்தவைத்து எண்ணினார்கள். பிறகு சாப்பாடு வந்தது. அவர் சொன்னது போலவே நடந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. முதல் வாரத்தை அப்படித்தான் தள்ளினேன். ஒரு கணக்கெடுப்பிலிருந்து அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும்.

உடம்பு விஷயம் ஒன்று. உள்ளே போனதும் மருத்துவர் பார்ப்பார். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் அப்போதே சொல்லிவிட வேண்டும். அடிபட்ட காயம் இருந்தால் மறைக்கக் கூடாது. தினமும் குடித்துக்கொண்டிருந்தவருக்குச் சரக்கு திடீரென்று நின்றால், இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. இவன் நடிக்கிறான் என்று பக்கத்திலிருப்பவர்கள் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட்டு மறைத்தவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தால், வக்கீல் மூலமாவது உடனே சொல்லி அனுப்புங்கள்.

உள்ளே பழகுவது பற்றி நிறையக் கேட்கிறார்கள். கடன் வாங்காதே, உன் வழக்கின் விவரத்தைக் கண்டவரிடம் சொல்லாதே, ஏதாவது வேலை கேட்டு வாங்கிக்கொள். எனக்குத் தெரிந்து அவ்வளவுதான்.

நாள் எண்ணுகிற விஷயத்தில்தான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். பொங்கலுக்கு வருவோமா, தங்கச்சி கல்யாணத்துக்கு வருவோமா என்று ஓயாமல் எண்ணுகிறார்கள். சட்டம் எண்ணுகிற நாளை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

சாதாரணமாக, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து, அதாவது நீதிபதி காவலில் வைக்கச் சொன்ன நாளிலிருந்து, 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தூக்கு, ஆயுள், அல்லது குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருடமோ அதற்கு மேலோ உள்ள வழக்கு என்றால் 90 நாள். போதைப்பொருள் போன்ற சில தனிச் சட்டங்களில் இன்னும் கூடும். அந்தக் கெடு தாண்டியும் தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். குற்றப்பத்திரிகை வந்த பிறகு கேட்டால் அந்த உரிமை போய்விடும்.

எங்கள் பிளாக்கில் ஒரு பையன் இருந்தான், இருபது வயதுகூட இருக்காது. சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். அறுபதைத் தாண்டியது. ஜாமீன் மனு போட வக்கீல் இல்லை, அப்படி ஒரு உரிமை இருப்பதும் அவனுக்குத் தெரியாது. 64-ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. அந்த நான்கு கோடுகள் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன. அந்த நான்கு நாளில் யாராவது ஒரு தாள் எழுதியிருந்தால் போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 479-ஆம் பிரிவு. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். தூக்கு, ஆயுள் வழக்குகளுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. நாள் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே மனு பார்க்கும்போது, சிறை அதிகாரியிடம் கூச்சப்படாமல் கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள்: "ஐயா, என் நாள் எப்போது நிறைகிறது?"

வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100-க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். ரிமாண்டை நீட்டிக்க உள்ளே இருப்பவரை வீடியோவில் நீதிபதிக்குக் காட்டும்போது, "எனக்கு வக்கீல் இல்லை" என்று நீதிபதியிடம் நேராகவே அவர் சொல்லலாம். சிறை வாசலில் வந்து பெயில் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஜாமீன் கிடைத்தும் பிணைக்கு ஆள் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். ஏழு நாளுக்குள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை தர முடியாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். 2023 ஜனவரியில் வந்த உத்தரவு இது.

அம்மா முதல் தடவை என்னைப் பார்க்க வந்தபோது, கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா பேசியது எனக்குக் காதில் விழவில்லை. உதட்டசைவை வைத்துச் சாப்பிட்டியா என்று கேட்பது புரிந்தது. நான் தலையாட்டினேன். வழக்கைப் பற்றி அன்றைக்கு நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தடவை அம்மா சொல்ல வேண்டியதை நோட்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்து வந்தார். வக்கீல் பெயர், வாய்தா தேதி, "மாடு கன்று போட்டுவிட்டது". அந்த மூன்று வரிதான். ராத்திரி படுத்துக்கொண்டு கன்றுக்குட்டி என்ன நிறமாக இருக்கும் என்று யோசித்தேன். அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

சரி, கூட்டம் முடிந்ததும் நான் இந்த மேஜையிலேயே இருப்பேன். உள்ளே ஆள் இருப்பவர்கள் வரிசையில் வாருங்கள். ரிமாண்ட் ஆன தேதியும் எந்தப் பிரிவு என்பதும் தெரிந்தால் போதும், காலண்டரை வைத்துக்கொண்டு சேர்ந்து எண்ணுவோம்.