செத்த மிக்சிக்குள்ள ரெண்டு பென்சில்!

[திரையில்: பரணையிலிருந்து இறங்கும் பழைய மிக்சி]

வணக்கம் மக்களே! உங்க வீட்டு மிக்சிக்குள்ள ரெண்டு பென்சில் துண்டு ஒளிஞ்சிருக்கு. காட்டுறேன், ஓட்டிடாதீங்க.

பசங்களுக்குப் பிரிச்சுப் பார்க்கிற ஒர்க்‌ஷாப் நடத்தணுமா? மிக்சியில ஆரம்பிங்க. 2011ல அரசு விலையில்லா மிக்சி கொடுக்க ஆரம்பிச்சதிலிருந்து காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம்னு எந்தப் பக்கம் போனாலும் காயலான் கடையில கிடைக்கும்.

நாலு பேருக்கு ஒரு மேசை, ஒரு மிக்சி, ஸ்டார் டிரைவர், மைனஸ் டிரைவர், ஒரு முட்டை ட்ரே, ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி. மிக்சி மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிளக்கை வெட்டிடுங்க. விட்டா எவனாவது ஒருத்தன் சொருகிப் பார்ப்பான்.

ஸ்க்ரூவைக் காணோமா? அடியில ரப்பர் காலைக் கழட்டுங்க, உள்ள இருக்கும். கழட்டுற வரிசையிலேயே ட்ரே குழியில போடச் சொல்லுங்க.

[குளோசப்: கப்ளர்]

ஜார் வந்து உட்கார்ற பல்லு வச்ச பிளாஸ்டிக் துண்டுதான் கப்ளர். முக்கால்வாசி மேசை இங்கதான் மாட்டும். ஓடும்போது கழண்டுடக் கூடாதுன்னு பல மிக்சியில கப்ளருக்கு எதிர்மரை. வழக்கம்போல முறுக்கினா இன்னும் இறுகும், பிளாஸ்டிக் உடையும். கப்ளரைச் சுத்துற மோட்டார் தண்டு, அதாவது ஷாஃப்ட்டோட அடி முனையில ஒரு வெட்டு இருக்கும். அதுல மைனஸ் டிரைவரை வச்சு நிறுத்திட்டு, கப்ளரைத் திருப்புங்க.

இப்போ நம்ம ஹீரோ! மோட்டார் நடுவுல சுத்துற காயில், அதாவது ஆர்மேச்சருக்கு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்கோட வர்ற கறுப்புக் கட்டி, கார்பன். ஸ்பிரிங் தெறிக்கும், கண்ணாடி அதுக்குத்தான். கட்டியைப் பேப்பர்ல தேய்ச்சுப் பாருங்க, சாம்பல் கோடு விழும். பென்சில்ல இருக்கிற அதே கிராஃபைட்! கரண்ட்டைக் கடத்தும், வழுக்கும், அது உரசுற செம்பு வளையம், அதாவது காமுட்டேட்டர் தேயாம தான் தேஞ்சுக்கும். ரொம்பக் குட்டையானா ஸ்பிரிங் அழுத்தம் பத்தாது, நெருப்புப் பொறி பறக்கும், காமுட்டேட்டர்ல கறுப்புத் தடம் விழும். புது கார்பனையும் தேஞ்சதையும் பக்கத்துல வச்சு ஸ்கேலால அளக்க விடுங்க. கரண்ட் பாயுமான்னு பார்க்கிற மல்டிமீட்டர் இருந்தா கட்டியோட ரெண்டு முனையிலயும் வச்சு பீப் சத்தம் கேக்கட்டும். உள்ள படிஞ்ச கறுப்புத் தூளை மட்டும் ஊதாதீங்க, பிரஷ்ஷால தட்டுங்க.

சீலிங் ஃபேன்ல கார்பனே கிடையாது. அங்க நடுவுல காயில் சும்மா நிக்கும், வெளிக்கூடுதான் சுத்தும். எனக்கு மிக்சியைவிட அதுதான் பிடிக்கும், அடுத்த வீடியோ அதுக்கே.

மைக்ரோவேவ் மட்டும் வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதோட கெப்பாசிட்டர் உயிரை எடுக்கிற வோல்டேஜைப் பிடிச்சு வச்சிருக்கும். பழைய டப்பா டிவி, சிஎஃப்எல் பல்பு, ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், வீங்கின செல்போன் பேட்டரி: இதெல்லாம் மேசைக்கே வரக்கூடாது. உங்க பள்ளிக்கூடத்துல எதைப் பிரிச்சீங்க, எந்த ஸ்க்ரூ படுத்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க.