கரையில 10 கிலோ, கடலுக்குள்ள 1 கிலோ: பவளப்பாறையில சிக்கின வலையை எப்படி எடுக்கிறாங்க?

கரையில 10 கிலோ இருக்கிற நைலான் வலை, கடல் தண்ணிக்குள்ள கிட்டத்தட்ட 1 கிலோதான் கனக்கும். நைலானோட அடர்த்தி லிட்டருக்கு 1.14 கிலோ, கடல் தண்ணியோடது 1.025 கிலோ. ரெண்டும் அவ்வளவு பக்கத்துல இருக்கு. ஆனா அதே வலையில கட்டியிருக்கிற ஈயம் 10 கிலோன்னா, தண்ணிக்குள்ளயும் 9 கிலோ!

தொலைஞ்சுபோன வலை ஆள் இல்லாமலே மீனைக் கொன்னுக்கிட்டே இருக்கும். அதனாலதான் தன்னார்வ டைவர்ஸ் இறங்குறாங்க.

முதல் விதி, இழுக்கவே கூடாது. குண்டா வளர்ற பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு இழுப்புல பத்து வருஷ வளர்ச்சி போயிடும். அதனால கத்தரிக்கோலால துண்டு துண்டா வெட்டி, வெட்ட வெட்டச் சுருட்டிக் கட்டணும். நீரோட்டம் வர்ற பக்கமா நின்னு வெட்டுங்க, அப்பதான் அவிழ்ந்த வலை உங்களை விட்டு விலகிப் போகும். வெட்டுற கருவி ரெண்டு வேணும், உடம்புல ரெண்டு வேற இடத்துல. ஒரு கை சிக்கினா இன்னொரு கைக்கு எட்டணுமே!

பவளம் மேல வளர்ந்து மூடிட்ட வலையை விட்டுடுங்க. சுத்தி இருக்கிற தளர்ந்த பகுதியை மட்டும் வெட்டினா போதும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி: லிஃப்ட் பேக். அடிப்பக்கம் திறந்த பை. அதுல 1 லிட்டர் காத்து விட்டா, சுமார் 1 கிலோவைத் தூக்கும். 20 மீட்டர் ஆழத்துல, தண்ணிக்குள்ள 10 கிலோ கனக்கிற கட்டுக்கு 10 லிட்டர் விடுறோம்னு வைங்க. அழுத்தம் குறையக் குறைய காத்து விரியும். 10 மீட்டருக்கு வரும்போது 15 லிட்டர், மேல்மட்டத்துல 30 லிட்டர்! பை பெருசா இருந்தா அத்தனை காத்தும் உள்ளயே நிக்கும், கட்டு வேகம் பிடிச்சு ராக்கெட் மாதிரி பாயும். மேல வந்து பை சாய்ஞ்சா காத்தெல்லாம் கொட்டிடும், மொத்தக் கட்டும் திரும்ப அடியில விழும். கீழே யாராவது இருந்தா? நினைச்சுப் பாருங்க. அதனால சுமைக்கு நெருக்கமான அளவுள்ள பை எடுங்க. விரியிற காத்து அடிவழியா தானா வெளியேறிடும். கொஞ்சம் கொஞ்சமா நிரப்புங்க, கட்டு அசைஞ்சதும் நிறுத்துங்க. பையோட கயிறு கையில, குழாயில சிக்காம பார்த்துக்கங்க. காத்துக்குத் தனி சின்ன சிலிண்டர் இருந்தா நல்லது.

தயவுசெஞ்சு ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: கட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு உங்க மிதவைச் சட்டையை ஊதி மேல வர்றது. கட்டு நழுவினா நீங்களே மேல பறப்பீங்க. நுரையீரல் கிழியலாம்.

பாட்டில், டப்பா எடுக்கும்போது உள்ளே எட்டிப் பாருங்க. ஆக்டோபஸோ முட்டையோ இருந்தா அங்கேயே விட்டுடுங்க. படகுல ஏத்தின வலையில நண்டு இருந்தா உடனே கடல்ல விடுங்க. அப்புறம் எடை போட்டு, வகை பிரிச்சு, இடத்தோட பதிவு பண்ணுங்க. டைவர்ஸ் எடுக்கிற கடல் குப்பையைக் கணக்கெடுக்க 2011-ல தொடங்கின ‘டைவ் அகெய்ன்ஸ்ட் டெப்ரி’ திட்டம் இப்படி வர்ற பதிவுகளாலதான் ஓடுது.

பயிற்சி இல்லாதவங்க வலையைப் பார்த்தா தொடாதீங்க. ஆழத்தையும் இடத்தையும் குறிச்சு, அங்கே இருக்கிற டைவிங் குழுவுக்குச் சொல்லுங்க. லிஃப்ட் பேக் பத்தி சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க.