லப்டொப் தூங்கி எழுந்ததும் ஐந்தரை மணிநேரம் எங்கே போகிறது?

[திரையில்: லப்டொப் மூடி திறக்கிறது. மூலையில் 3:00. பின்னால் சுவர் மணிக்கூட்டில் 8:30.]

காலை எட்டரை மணி. வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயே விட்டார்கள். நீங்கள் மூடியைத் திறக்கிறீர்கள், கணினி அதிகாலை மூன்று மணி என்கிறது. ஒன்பது மணி ஸூம் கூட்டத்துக்கு அது உங்களைக் கூப்பிடப் போவதில்லை.

வணக்கம் உறவுகளே. உடனே நேரத்தைக் கையால் மாற்றிவிடாதீர்கள். எவ்வளவு பிசகுகிறது என்று முதலில் ஒரு துண்டில் எழுதுங்கள். பாதி நோயை அந்த எண்ணே சொல்லிவிடும்.

[திரையில்: இரவு பஸ், ஜன்னலோரம் தூங்கும் பயணி.]

பின்னணி சுருக்கமாக. கணினி விழித்திருக்கும்போது நேரத்தைத் தானே எண்ணிக்கொள்ளும். தூங்கினால் அந்த எண்ணிக்கை நின்றுவிடும். மதர்போட்டில் இருக்கும் ஒரு சின்ன மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் வரும்போது இடையில் கண் விழித்து, "தம்பி, புத்தளம் தாண்டிட்டுதோ?" என்று பக்கத்து இருக்கையைக் கேட்போமே, கணினியும் எழுந்ததும் அந்தச் சின்ன மணிக்கூட்டை அப்படித்தான் கேட்கிறது. பதில் பிழையென்றால் எல்லாம் பிழை.

சரி, சரியாக ஐந்தரை மணிநேரம் பிசகினால்? உங்கள் லப்டொப்பில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் சேர்ந்து இருக்கின்றன. நம் நேரம் உலகப் பொது நேரத்தை விட 5 மணி 30 நிமிடம் முன்னால். அந்தச் சின்ன மணிக்கூட்டில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கிறது. ஒன்று எழுதி வைத்ததை மற்றது தன் கணக்கில் வாசிக்கும். லினக்ஸுக்குப் போய்வந்த பிறகு விண்டோஸ் பின்தங்கும், விண்டோஸுக்குப் போய்வந்த பிறகு லினக்ஸ் முந்தும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகிறேன். ஏனென்றால் இதை நம் நாடே வாழ்ந்து பார்த்திருக்கிறது.

[திரையில்: இலங்கை வரைபடம், இரண்டு மணிக்கூடுகள்.]

1996இல் மின்சார நெருக்கடி. நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடந்தன. மே 25ஆம் திகதி அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் புத்தாண்டு வரை அப்படியே நின்றது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு, இரண்டு பக்கத்துக்கும் இடையில் இருந்த ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் பத்து மணி, அந்தப் பக்கம் ஒன்பதரை. வெயில் ஒன்றுதான், றோட்டும் ஒன்றுதான், கையிலிருந்த மணிக்கூடும் பழுதில்லை. இரண்டு பக்கமும் அதை இரண்டு விதமாக வாசித்தன. உங்கள் லப்டொப்பின் நிலைமையும் இதேதான். அந்தக் காலத்தில் அப்படிக் கடந்து போனவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த நேரத்தை வைத்து பஸ் பிடித்தார்கள் என்று கேட்டு எனக்குக் கீழே எழுதுங்கள். எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும்.

தீர்வு: இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவாருங்கள். லினக்ஸில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்ற ஒரே வரி போதும், எழுத்து எழுத்தாகத் திரையில் போடுகிறேன். அதன் பிறகு வெறும் "டைம்டேட்சிடிஎல்" என்று அடித்துப் பார்த்தால் லினக்ஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். கோடையில் மணிக்கூட்டை மாற்றும் நாடுகளில் இந்த வழி தொல்லை தருவதுதான் அதற்குக் காரணம். இங்கே அந்த வழக்கம் இல்லை, ஆகவே கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

சரியாக அரை மணி பிசகினால் நேர வலயம் பிழை. விண்டோஸ் பட்டியலில் கொழும்பு என்று தேடினால் கிடைக்காது. "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்று தேடுங்கள்.

[திரையில்: கணினிப் பெட்டி திறந்திருக்கிறது. விரல்நுனியில் நாணயப் பற்றரி.]

ஆண்டுக் கணக்கில் பின்னால் போய், எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறதா? அந்தச் சின்ன மணிக்கூட்டை ஓட்டும் காசு போன்ற பற்றரி செத்துவிட்டது. சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட். அந்த எண்ணே அளவு: 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. இரவில் சுவரிலேயே சுவிட்சை நிற்பாட்டிவிட்டுப் படுக்கிற வீடுகளில், விடியும் வரை மேசைக்கணினியின் மணிக்கூட்டை ஓட்டுவது இந்தக் காசுதான். மேசைக்கணினி என்றால் நீங்களே மாற்றலாம். லப்டொப் என்றால் சிலவற்றில் அது வயரோடு இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சில செக்கன் மட்டும் பிந்துகிறதென்றால் பயப்படாதீர்கள். அந்தச் சின்ன மணிக்கூட்டுக்குள் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் துண்டு ஒன்று செக்கனுக்கு 32,768 தரம் அதிர்கிறது. அதைப் பதினைந்து தரம் பாதியாக்கினால் சரியாக ஒன்று! அறை வெப்பத்துக்கென்று செய்த துண்டு அது, சூடானால் மெதுவாகும். மாதத்துக்கு ஒரு நிமிடம் வரை பிசகுவது சாதாரணம். செற்றிங்ஸில் நேரத்துக்கான பக்கத்தில் "சிங்க் நவ்" பொத்தானை அழுத்தினால் இணையம் திருத்திவிடும்.

கடைசியாக, மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு. விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வைத்து லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு, லப்டொப் எத்தனை மணிநேரம் தூங்கியதோ சில வேளை அத்தனை மணிநேரமும் உள்ளே லினக்ஸின் நேரம் பின்தங்கி நிற்கும். "சூடோ எச்டபிள்யூகுளொக் -எஸ்" என்று அடித்துவிட்டு நேரத்தைத் திரும்பப் பாருங்கள். இந்த ஐந்திலும் சேராத எண் உங்கள் துண்டில் இருந்தால் அதையும் கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.